முகமூடித் தடைச் சட்டம்: கைக்குட்டை எந்த இடத்தில் குற்றமாகிறது?

தமிழில் ‘முகமூடி’ என்றால் கொள்ளையன் நினைவுக்கு வருகிறான். ‘முகக்கவசம்’ என்றால் மருத்துவமனை. துணி என்னவோ ஒன்றுதான். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இப்படி இரண்டு சொல் வைத்துத் தப்பித்துக்கொள்ளும் வசதி கிடையாது. ஒரு துண்டுத் துணி எப்போது கவசம், எப்போது மறைப்பு என்பதை அவர்கள் ஒரு வாக்கியத்தில் வரையறுத்தாக வேண்டும். முகமூடித் தடைச் சட்டங்களைச் சுற்றி நடக்கும் சண்டை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

ஹாங்காங்கில் 2020 ஜூலை 29 முதல், திறந்த தெருவில் நடந்தாலும் முகக்கவசம் கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் என்றானது. அதற்குப் பத்து மாதம் முன்பு, 2019 அக்டோபரில், போராட்டங்களில் முகத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்று ஒரு விதி வந்திருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் கேலிக்கூத்து. சட்ட வாசகத்தைப் படித்தால் முரண்பாடு அவ்வளவு இல்லை. 2019 விதி துணியைத் தடை செய்யவில்லை. இன்ன வகைக் கூட்டத்தில், அடையாளம் தெரியாதபடி, நியாயமான காரணம் இல்லாமல் அணிவதைத்தான் தடை செய்தது. இந்த மூன்று சொற்றொடர்களில் ஒன்றை நகர்த்தினால் சட்டம் வேறு சட்டமாகிவிடும்.

அதற்கு முன் ஓர் அடிப்படைக் கேள்வி. கல்லெறிவது எல்லா நாட்டிலும் குற்றம்; முகத்தை மூடிக்கொண்டு எறிந்தாலும் குற்றம்தான். குற்றம் செய்வதற்காக வேடம் போடுவதைத் தண்டிக்கும் பிரிவுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. கனடாவின் குற்றச் சட்டத்தில் 351(2) பிரிவு அதற்குப் பத்தாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக ஒரு முகமூடித் தடை? சுற்றி வளைக்காமல் சொன்னால், இன்னும் எதையும் செய்யாதவரைப் பிடிப்பதற்கு. முகம் தெரியாத தைரியத்தில்தான் கூட்டம் கைமீறுகிறது, முகம் தெரிந்தால் அடங்கும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அமைதியாக நிற்பவரின் கையில் விலங்கு மாட்டும் அதிகாரம் இது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டுமே சரியான விவரணைகள். எது அதிகம் என்பதைச் சட்டத்தின் வாசகம் தீர்மானிக்கிறது.

கரி பூசிய முகங்களிலிருந்து

இங்கிலாந்தில் 1723இல் வந்த ‘கறுப்புச் சட்டம்’ இந்த வகையின் பழைய முன்னோடி. முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் காடுகளில் மான் வேட்டையாடியவர்களைக் குறிவைத்தது அது. கரி பூசிய முகத்தோடும் ஆயுதத்தோடும் காட்டில் காணப்பட்டாலே மரண தண்டனை; மானைக் கொன்றிருக்க வேண்டும் என்பதில்லை. அதன் பெரும்பகுதி நூறாண்டு கழித்து, 1823இல் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் இத்தகைய சட்டங்கள் எல்லாமே வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானை ஒடுக்க வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் சட்டம் 1845 ஜனவரியில் வந்தது. அப்போது கிளான் பிறக்கவேயில்லை. நிலவுடைமைக் குடும்பங்களின் குத்தகை வசூலை எதிர்த்த விவசாயிகள், அச்சுத் துணி அங்கியும் தோல் முகமூடியும் போட்டுக்கொண்டு, தகரக் கொம்பு ஊதி ஒன்றுகூடி, ஜப்திக்கு வந்த ஷெரீப்களை விரட்டினார்கள். அவர்களை அடக்கப் பிறந்ததுதான் அந்தச் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு துணை ஷெரீப் வேடமணிந்த கூட்டத்தின் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டார்; தடை வந்தும் வேடம் நின்றுவிடவில்லை. அந்தச் சட்டத்தின் வழிவந்த பிரிவு 2011 வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தில் முகமூடி போட்டவர்கள் மீது பாய்ந்தது. கொரோனா வந்து எல்லோரும் முகத்தை மூட வேண்டியதானபோது, 2020இல் நீக்கப்பட்டது.

தென்மாநிலங்களின் கதை வேறு. 1949இல் அலபாமா, 1951இல் ஜார்ஜியா, 1953இல் வட கரோலினா எனக் கிளானின் முக்காட்டைக் கழற்றுவதற்காகவே சட்டங்கள் வந்தன. ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1990இல் தன் மாநிலச் சட்டத்தைக் காப்பாற்றியது. ஆனால் வாசகத்தை அப்படியே விட்டுவிடவில்லை. அடையாளத்தை மறைக்கும் எண்ணமும் வேண்டும், அந்த நடத்தை பிறருக்கு நியாயமான அச்சத்தை உண்டாக்கும் என்று அணிந்தவருக்குத் தெரிந்தோ, நியாயப்படி தெரிந்திருக்க வேண்டியதாகவோ இருக்கவும் வேண்டும் என்று குறுக்கிப் படித்தது. அதற்கு முன்பே, 1978இல், கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் மாநிலத் தடையைச் செல்லாது என்று தள்ளியிருந்தது. அங்கே முகமூடி போட்டவர்கள் ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சியை எதிர்த்த ஈரானியர்கள். முகம் தெரிந்தால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து. கிளான் குழு ஒன்று தொடுத்த நியூயார்க் வழக்கில் 2004இல் வந்த தீர்ப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது: அங்கியும் முக்காடும் சொல்லாத எதையும் முகமூடி புதிதாகச் சொல்லவில்லை, ஆகவே அது தனிக் கருத்து வெளிப்பாடு அல்ல. முகமூடியைப் பேச்சாகப் பார்த்தால் வழக்கு தோற்கிறது. அச்சத்திலிருந்து காக்கும் கருவியாகப் பார்த்தால் சில சமயம் ஜெயிக்கிறது. வழக்கறிஞர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

வாசகத்தைப் பிரித்துப் பார்த்தால்

முதலில் பொருள். இதுதான் மேலோட்டமாக எளிது, உள்ளே போனால் வழுக்கும். உக்ரைன் நாடாளுமன்றம் 2014 ஜனவரி 16 அன்று முகமூடியையும் ஹெல்மெட்டையும் கூட்டங்களில் தடை செய்தது. மூன்றாம் நாள் கீவ் மைதானத்துக்கு மக்கள் தலையில் சமையல் பாத்திரத்தையும் வடிதட்டையும் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஜனவரி 28இல் அந்தச் சட்டத் தொகுப்பின் பெரும்பகுதி ரத்தானது. பொருள்களைப் பட்டியல் போட்டால் சட்டம் சமையலறையிடம் தோற்கும். அதனால் இப்போது யாரும் பட்டியல் போடுவதில்லை. ‘முகத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ மறைக்கும் எந்தப் பொருளும்’ என்று அகலமாக எழுதுகிறார்கள். ஹாங்காங் விதி வண்ணப்பூச்சையும் சேர்த்துக்கொண்டது. பொருளை இவ்வளவு அகலமாக்கினால் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் உள்ளே வந்துவிடும். ஆகவே வேறு எங்கேயாவது சட்டத்தை ஒடுக்கியாக வேண்டும்.

ஒடுக்குவதற்கான இடம் நோக்கம். இங்கே மூன்று அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஹாங்காங்கில் ‘அடையாளம் காண்பதைத் தடுக்கக்கூடியதாக’ இருந்தால் போதும். எதற்காக அணிந்தார் என்பது முதல் கட்டத்தில் பொருட்டில்லை. ஜெர்மனியின் கூட்டச் சட்டம் 17a பிரிவில் இரண்டு சோதனைகள்: அந்தக் கோலம் அடையாளத்தை மறைக்கத் தக்கதாக இருக்க வேண்டும், சூழ்நிலையைப் பார்த்தால் அதற்காகவே அமைந்ததாகவும் இருக்க வேண்டும். பிரிட்டனில் ‘முழுக்கவோ பெரும்பாலுமோ அடையாளத்தை மறைக்கும் நோக்கத்துக்காக’ என்று போலீஸ்காரர் நியாயமாக நம்ப வேண்டும். பனிக்காலத்தில் மூக்கு வரை சால்வை சுற்றியவரை முதல் இரண்டு இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். ஹாங்காங் வாசகம் அவரைப் பிடித்துவிட்டுக் காரணம் கேட்கும். ஜெர்மனியில், குளிர் குறைந்த நடுப்பகலில், போலீஸ் கேமராவைக் கண்டதும் சால்வையை ஏற்றினாரா என்பது போன்ற சூழ்நிலை விவரங்கள்தான் வழக்கை நிலைநிறுத்தும் அல்லது கவிழ்க்கும்.

ஜெர்மனியில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாரிடமிருந்து மறைக்கிறார்? பேரணி ஓரத்தில் நின்று படமெடுத்து இணையத்தில் போடும் எதிர்க்கோஷ்டியிடமிருந்து மறைத்தால் அது குற்றமா? நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. பெர்லின் 2021இல் கொண்டுவந்த தன் சொந்தச் சட்டத்தில், குற்றமோ விதிமீறலோ தொடர்பாக அதிகாரிகள் அடையாளம் காண்பதைத் தடுக்கும் மறைப்பு என்று குறுக்கி எழுதி இந்தக் கேள்வியைத் தீர்க்கப் பார்த்தது. புதிதாகச் சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் காப்பியடிக்க வேண்டிய வாசகம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

அடுத்து இடம், அதாவது எந்த வகைக் கூட்டம். ஹாங்காங் வழக்கை இதற்காகவே நெருங்கிப் பார்க்க வேண்டும். விதியின் 3ஆம் பிரிவு நான்கு படிகளை வைத்திருந்தது: சட்டவிரோதக் கூட்டம், அனுமதிக்கப்படாத கூட்டம், முறையாக அறிவித்து நடத்தும் பொதுக்கூட்டம், முறையாக அறிவித்து நடத்தும் ஊர்வலம். முதல் படியில் நிற்பவர்கள் அமைதியைக் குலைப்பவர்கள். கடைசிப் படியில் நிற்பவர்கள் ஒரு தவறும் செய்யாதவர்கள். 2019 நவம்பர் 18 அன்று உயர் நீதிமன்றம் முதல் படிக்குக் கீழே கோடு போட்டது: அது வரை சரி, மற்றவை அளவுக்கு மீறியவை. 2020 ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கோட்டை இரண்டாம் படிக்குக் கீழே நகர்த்தியது. டிசம்பர் 21 அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் கோட்டையே எடுத்துவிட்டது. நான்கு படிகளும் செல்லும். அமைதியாகத் தொடங்கிய ஊர்வலங்கள்தான் வன்முறையாக மாறின, மாறிய பிறகு தடுப்பது பயனில்லை என்பது காரணம். ஒரே விதி, ஒரே உண்மைகள், பதின்மூன்று மாதத்தில் மூன்று எல்லைகள். தெருவில் யாரையும் நிறுத்தி முகத்தைக் காட்டச் சொல்லும் தனி அதிகாரம் 5ஆம் பிரிவில் இருந்தது. அதை மட்டும் முதல் இரண்டு நீதிமன்றங்களும் அளவுக்கு மீறியது என்று சொல்லிவிட்டன.

விதி பிறந்த விதமும் சாதாரணமல்ல. 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது ஒரே நாளில் நிறைவேற்றிய அவசரகால ஒழுங்குச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, சட்டமன்றத்தில் வைக்காமலே அக்டோபர் 4 மதியம் அறிவித்தார்கள், நள்ளிரவில் அமலுக்கு வந்தது.

கனடா வேறு வழியில் போனது. 2013 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அமைதியான கூட்டத்தைத் தொடவே இல்லை. கலவரமும் சட்டவிரோதக் கூட்டமும் மட்டும். ஆனால் தண்டனையைப் பாருங்கள். முகம் தெரியக் கலவரத்தில் கலந்துகொண்டால் இரண்டாண்டு வரை. முகத்தை மறைத்துக்கொண்டு கலந்துகொண்டால் பத்தாண்டு வரை. சட்டவிரோதக் கூட்டமென்றால் ஐந்தாண்டு வரை. வலை சிறியது, கண்ணி பலமானது. பிரான்சின் 2019 சட்டம் நடுவில் நிற்கிறது: கூட்டத்திலோ அதை ஒட்டிய பகுதியிலோ, அமைதி குலையும்போதோ குலையும் ஆபத்து இருக்கும்போதோ, தக்க காரணமின்றி முகத்தை வேண்டுமென்றே மறைத்தால் ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை. ‘ஆபத்து இருக்கும்போது’ என்பது எவ்வளவு நீளும் ரப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் காரணம். மருத்துவம், மதம், தொழில் ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லாச் சட்டத்திலும் விதிவிலக்காக வரும். பலர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பட்டியலை அல்ல, நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பதை. ஹாங்காங் விதியில் குற்றம்சாட்டப்பட்டவர் கேள்வி எழுப்பும் அளவுக்குச் சான்று காட்டினால் போதும். அதன் பிறகு அது பொய் என்று அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் தாக்கலான மசோதா, உடல்நலத்துக்காகவோ மதத்துக்காகவோ வேலைக்காகவோ அணிந்ததாக அணிந்தவரே நிரூபிக்க வேண்டும் என்று எழுதியது. தடை என்ற வகையில் கடுமையான ஹாங்காங் விதி, இந்த ஒரு விஷயத்தில் தாராளமானது.

வட கரோலினா 2024இல் இதையே வேறு இடத்தில் கற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில் சேர்த்த சுகாதார விலக்கை முழுவதுமாக நீக்கத்தான் மசோதா முதலில் வந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் கடைக்குப் போவதும் குற்றமாகிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. முடிவில், தொற்று பரவாமல் தடுக்க மருத்துவத் தர முகக்கவசம் அணியலாம், போலீசோ இடத்தின் உரிமையாளரோ கேட்டால் அடையாளம் பார்ப்பதற்காகச் சற்றுக் கழற்ற வேண்டும் என்று சமரசமானது. வீட்டில் தைத்த துணிக் கவசம் இந்த வாசகத்துக்குள் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

தெருவில் என்ன நடக்கிறது

மற்றக் குற்றங்களுக்கும் இதற்கும் நடைமுறையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடைக் கண்ணாடியை உடைத்தவரைப் பிறகு நிதானமாகக் காணொலியைப் பார்த்துத் தேடிப் பிடிக்கலாம். முகமூடி போட்டவரை அப்படிப் பிடிப்பது கடினம். காணொலியில் முகமூடி தெரியும், ஆள் தெரியாது. ஆகவே இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டுமென்றால் அங்கேயே, அப்போதே, கூட்டத்துக்குள் இறங்கிக் கைவைக்க வேண்டும். நெருக்கமான கூட்டத்தில் பத்துப் பேரைப் பிரித்தெடுக்க உள்ளே நுழைவது எப்படி முடியும் என்பது கள அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஹாம்பர்க், 2017 ஜூலை 6. ஜி20 மாநாட்டுக்கு முந்தைய மாலை. ஊர்வலத்தின் முன்பகுதியில் பலர் முகத்தை மறைத்திருந்ததால் போலீஸ் தொடக்கத்திலேயே அணியை நிறுத்தியது. கழற்றச் சொன்னார்கள், சிலர் கழற்றினார்கள், சிலர் கழற்றவில்லை. அந்தப் பகுதியைப் பிரிக்கப் போலீஸ் இறங்கியதும் தண்ணீர்ப் பீரங்கி, புட்டிகள், ஓட்டம். ஊர்வலம் நகரவே இல்லை. தவறு யாருடையது என்ற விவாதம் ஜெர்மனியில் இன்னும் ஓயவில்லை. ஆனால் பின்னணியில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1985இல் தடை வந்தபோது முகமூடி வெறும் விதிமீறல். கண்டும் காணாமல் விட அதிகாரிக்கு உரிமை இருந்தது. 1989இல் அது ஓராண்டு வரை சிறை தரும் குற்றமாக்கப்பட்டது. ஜெர்மனியில் குற்றத்தைக் கண்டால் போலீஸ் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். சட்டத்தைக் கடுமையாக்கியதில் கள அதிகாரியின் கையில் இருந்த நெளிவுசுளிவு போயிற்று.

பிரிட்டனின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 60AA பிரிவு இந்தப் பொறியைத் தவிர்க்கும்படி எழுதப்பட்டது. அந்தப் பிரிவின்படி முகமூடி அணிவது மட்டும் குற்றமல்ல. இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர் ஒரு பகுதியைக் குறித்து, 24 மணி நேரத்துக்கு எழுத்தில் அனுமதி தர வேண்டும். அந்தப் பகுதிக்குள் சீருடைக் காவலர் ‘கழற்று’ என்று சொல்லலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம். சொல்லியும் கழற்றாவிட்டால்தான் குற்றம். ஒரு மாதம் வரை சிறை அல்லது 1,000 பவுண்டு வரை அபராதம். வழக்கு சரிவதும் இதே கண்ணிகளில்தான்: அனுமதி எழுதிய நேரம் விடுபட்டிருக்கும், எல்லைத் தெருவின் பெயர் தவறாக இருக்கும், மேளச் சத்தத்தில் உத்தரவு காதில் விழுந்ததற்குச் சான்று இருக்காது, கழற்றச் சொன்ன காவலர் ஒருவர், கைது செய்தவர் இன்னொருவர் என்றிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி, உடலில் மாட்டிய கேமராவில் பதிந்திருந்தால் தவிர இது லேசான வழக்கல்ல. 2025 மசோதா இந்த ஏற்பாட்டை மாற்றும்படி எழுதப்பட்டது: குறிக்கப்பட்ட பகுதியில் முகத்தை மறைப்பதே குற்றம், எச்சரிக்கை தேவையில்லை.

முகம் அறியும் மென்பொருள் வந்தபின் வாதத்தின் எடையும் மாறிவிட்டது. முன்பு முகத்தைக் காட்டி நின்றவரை அடையாளம் காண, அவரைத் தெரிந்த ஒருவர் வேண்டும். இப்போது கூட்டத்தில் நின்ற எல்லோரையும் ஒரே இரவில் பெயரோடு பட்டியலிட முடியும். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020 ஜூலையில் 89 மென்பொருள்களைச் சோதித்தது. முகமூடி இல்லாத படங்களில் சுமார் 0.3% தவறிய சிறந்தவை, கணினியில் முகமூடி வரைந்த படங்களில் சுமார் 5% தவறின. மற்றபடி நல்லவை எனப்பட்ட பல 20% முதல் 50% வரை தவறின. மூக்கை எவ்வளவு மூடுகிறதோ அவ்வளவு குழப்பம். வெளிர்நீலத்தைவிடக் கறுப்பு அதிகம் குழப்பியது. சில மாதங்களிலேயே புதிய மென்பொருள்கள் கண்ணைச் சுற்றிய பகுதியை வைத்துத் தேறிவிட்டன. முகமூடி முழுப் பாதுகாப்பு அல்ல. காலணி, பை, நடை, சட்டைப் பையில் இருக்கும் செல்போன் எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆனாலும் அதே மாதம் ஐ.நா. மனித உரிமைக் குழு தன் 37ஆம் பொதுக் கருத்துரையில் கண்காணிப்புத் தொழில்நுட்பத்தைக் குறிப்பிட்டு, பழிவாங்கலிலிருந்து தப்பவும் தனியுரிமையைக் காக்கவும் முகத்தை மறைக்கலாம், வேடம் என்பதே வன்முறை நோக்கத்துக்கு அடையாளமாகாது என்று எழுதியது. அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. நீதிமன்றத்தில் எடுத்துவைக்கத்தக்க வாதம், அவ்வளவே.

அமல்படுத்துவதில் விபரீதங்களும் உண்டு. ஆஸ்திரியாவில் போராட்டத்துக்கென்று 2002 முதல் தனித் தடை இருக்க, 2017 அக்டோபரில் எல்லாப் பொது இடத்துக்கும் முகம் மறைக்கத் தடை வந்தது. அபராதம் 150 யூரோ வரை. அந்த மாதமே வியன்னாவில் ஒரு கடையின் விளம்பரத்துக்காகச் சுறாமீன் வேடம் போட்டு நின்றவர், தலையைக் கழற்ற மறுத்து அபராதத்துக்கு ஆளானார். தான் வேலை பார்ப்பதாக அவர் சொன்னார். தொழிலுக்கான விலக்கு எந்த வேலைக்கு என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது.

இப்போது அதே வாக்கியம் எதிர்ப்பக்கமும் திரும்பியிருக்கிறது. குடியேற்றச் சோதனைகளில் முகமூடி அணிந்த அதிகாரிகள் ஆட்களைப் பிடித்துச் சென்றதை அடுத்து, கலிபோர்னியா 2025 செப்டம்பர் 20 அன்று சட்ட அமலாக்க அதிகாரிகள் பணியின்போது முகத்தை மறைப்பதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டது. அடையாளம் தெரியாவிட்டால் பொறுப்புக்கூற ஆளிருக்காது என்பது அதன் காரணம். போராட்டக்காரர்களுக்கு எதிராக இத்தனை காலம் சொல்லிவந்த அதே காரணம். முகம் தெரிந்தால் எங்கள் ஆட்களின் குடும்பத்துக்கு ஆபத்து என்று மத்திய அரசு அதே ஆண்டில் வழக்குப் போட்டது. 1978இல் ஈரானியர்கள் சொன்னதும் அதுதான். விதிவிலக்குப் பட்டியலும் பழகியதே: மருத்துவ முகக்கவசம், நச்சுவாயுக் கவசம், மாறுவேடப் பணி.